ஒளிச்சு வெச்ச சாப்பாட்டை காக்கா எப்படி கண்டுபிடிக்குது?

அமாவாசை படையலை காக்கா சாப்பிடாம தூக்கிட்டுப் போகுதா? கரிக்கலாம்பாக்கம் மாதிரி ஊர்களில் சிலருக்கு இது கவலை. ஆனால் பசி தீர்ந்த காக்கா, மிச்சத்தை ஓட்டு இடுக்கிலோ மண்ணிலோ செருகி, இலையால் மூடி வைக்கும். பிறகு வந்து எடுத்துக்கொள்ளும்.

எப்படி தெரியுது? ஞாபகம்தான். காக்கா குடும்பத்தைச் சேர்ந்த அமெரிக்கப் பறவை 'கிளார்க் நட்கிராக்கர்', குளிர்காலத்துக்காக ஆயிரக்கணக்கான இடங்களில் பைன் விதைகளைப் புதைக்கும். 1982இல் ஆய்வாளர் ஸ்டீபன் வாண்டர் வால், கூண்டின் ஒரு பக்கம் இருந்த பொருட்களை 20 செ.மீ. நகர்த்தினார். அந்தப் பக்கம் பறவையும் அதே அளவு தள்ளிப் போய் தேடியது! அதாவது பக்கத்தில் உள்ள கல், மரம்தான் அதற்கு அடையாளம்.

இன்னொரு ஆச்சரியம். 1998இல் வெளியான ஆய்வில், புழு கெட்டுப்போகும் என அனுபவத்தில் அறிந்த 'ஸ்க்ரப் ஜே' பறவைகள், ஒளித்து 4 மணி நேரமானால் புழுவைத் தேடின. 5 நாள் ஆகிவிட்டால் வேர்க்கடலையைத் தேடின. என்ன, எங்கே, எப்போ என மூன்றும் நினைவில்!

எடுக்காமல் விட்ட விதைகளும் வீணாவதில்லை. நட்கிராக்கர் புதைத்த விதைகள் முளைத்துத்தான், அங்கே 'ஒயிட்பார்க் பைன்' காடுகள் வளர்கின்றன. பறவை குறைந்தால் காடும் குறையும்.