மூத்த வயதில் மிதிவண்டியில் பணிக்குச் செல்லல்

மூத்த வயதில் மிதிவண்டியில் பணிக்குச் செல்லல் என்பது, ஏறத்தாழ ஐம்பது வயதைக் கடந்த பணியாளர்கள் வீட்டுக்கும் பணியிடத்துக்கும் இடையே மிதிவண்டியை வழக்கமான ஊர்தியாகப் பயன்படுத்துவதைக் குறிக்கும். நெதர்லாந்து, டென்மார்க் போன்ற நாடுகளில் இது எல்லா வயதினரிடமும் காணப்படும் இயல்பான பழக்கம். இந்தியாவில் காவலாளிகள், கட்டடத் தொழிலாளர்கள், சிறு வணிகர்கள் ஆகியோரில் பலர் முதுமையிலும் சைக்கிளிலேயே வேலைக்குச் செல்கின்றனர். இப்பயணம் உடலுக்கு நன்மை தருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. எனினும் வயது கூடும்போது விழுதலும் காயமும் தரும் பாதிப்பு மிகுவதால், வண்டியும் வழியும் ஓட்டும் முறையும் அதற்கேற்ப மாற வேண்டியுள்ளது.

ஆய்வு முடிவுகள்

கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரித்தானியாவில் 2,63,450 பேரின் தரவுகளை ஆராய்ந்து 2017-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பங்கேற்றோரின் சராசரி வயது ஏறத்தாழ 53. மகிழுந்திலோ பொதுப் போக்குவரத்திலோ பணிக்குச் சென்றவர்களுடன் ஒப்பிடுகையில், சைக்கிளில் சென்றவர்களுக்கு எக்காரணத்தாலும் இறக்கும் வாய்ப்பு 41 விழுக்காடு குறைவாக இருந்தது. டென்மார்க்கின் கோபனாவன் நகரில் நடந்து 2000-இல் வெளியான மற்றோர் ஆய்வில், சைக்கிளில் பணிக்குச் செல்லாதோரின் இறப்பு வீதம் செல்வோரைவிட 39 விழுக்காடு கூடுதலாக இருந்தது.

இவை இரண்டும் உற்றுநோக்கல் ஆய்வுகள். சைக்கிள் ஓட்டுவோர் தொடக்கத்திலேயே சற்று உடல்நலம் மிக்கவர்களாக இருந்திருக்கலாம். புகைப்பழக்கம் போன்ற காரணிகளைக் கணக்கிட்டு நீக்கினாலும் இந்த ஐயத்தை முற்றாகக் களைய இயலாது. மேலும் இவ்விரு ஆய்வுகளும் ஐரோப்பிய நகரங்களின் சாலைகளையும் தட்பவெப்பத்தையும் சார்ந்தவை.

உலக சுகாதார அமைப்பின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு மேற்கொள்ள வேண்டும். வாரத்தில் ஐந்து நாள் வேலைக்குச் செல்பவர் போக 15 நிமிடம், வர 15 நிமிடம் ஓட்டினாலே 150 நிமிடங்கள் நிறைவாகும். மணிக்கு 12 கி.மீ. என்னும் நிதானமான வேகத்தில் இது ஒரு வழிக்கு 3 கி.மீ. தொலைவு மட்டுமே. உடற்பயிற்சிக்கெனத் தனியே நேரம் ஒதுக்கத் தேவையில்லை என்பதே இம்முறையின் முதன்மையான பயன்.

சைக்கிளில் உடல் எடையை இருக்கை தாங்குவதால் மூட்டுகளுக்குச் சுமை குறைவு. அதே காரணத்தால் எலும்பை வலுப்படுத்தும் பயன் இதில் குறைவு. 65 வயதைக் கடந்தவர்கள் சமநிலை, தசைவலுப் பயிற்சிகளையும் வாரத்துக்கு மூன்று நாள்களேனும் செய்ய வேண்டும் என்று அதே வழிகாட்டுதல் கூறுகிறது.

வயதும் ஓட்டும் திறனும்

வயது கூடும்போது இதயத்தின் உச்சத் துடிப்பு வீதம் குறைகிறது. எதிர்வினை நேரம் நீள்கிறது. இரவில் எதிர்வரும் விளக்கொளி பட்ட கண் மீண்டும் தெளிவடையக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்ப்பது கடினமாவதால் கைப்பிடியில் பொருத்தும் கண்ணாடி பெரிதும் உதவும். தாக உணர்வு மங்குவதால், தாகம் எடுக்கும்வரை காத்திராமல் நீர் அருந்துவது நல்லது.

சில மருந்துகள் ஓட்டுபவரை நேரடியாகப் பாதிக்கின்றன. இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்துவதால், நாடித் துடிப்பைக் கொண்டு உழைப்பை அளவிட முடியாது. ஓட்டும்போது முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பார்ப்பதே அவர்களுக்கு ஏற்ற அளவுகோல். நீர் பிரிக்கும் மாத்திரைகள் வெயிலில் நீரிழப்பைக் கூட்டும். இன்சுலின் எடுப்பவர்களுக்கு வழியில் சர்க்கரை அளவு தாழக்கூடும் என்பதால் இனிப்பு ஏதேனும் கையில் இருக்க வேண்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவர்கள் தலையில் அடிபட்டால், வெளிக்காயம் இல்லாவிடினும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உட்கசிவு பின்னரே வெளிப்படலாம்.

விழுதலும் விபத்தும்

மூத்தோரின் சைக்கிள் காயங்கள் எல்லாம் பிற வண்டி மோதுவதால் நேர்வன அல்ல. ஏறும்போதும் இறங்கும்போதும் நிலைதடுமாறுதல், சாலையோரத் திட்டில் சக்கரம் உரசுதல், மணலில் வழுக்குதல் ஆகியவற்றாலும் பலர் விழுகின்றனர். இளைஞருக்குச் சிராய்ப்போடு முடியும் விழுதல் மூத்தவருக்கு இடுப்பெலும்பு முறிவாகலாம். நெதர்லாந்தில் 2017-ஆம் ஆண்டுச் சாலை விபத்துகளில் 206 சைக்கிள் ஓட்டிகள் இறந்தனர். மகிழுந்துப் பயணிகளின் இறப்பு எண்ணிக்கையை இது விஞ்சியது. சிறந்த சைக்கிள் பாதைகள் உள்ள நாட்டிலும் இந்த இடர் நீங்கவில்லை என்பதை இது காட்டுகிறது.

வண்டியைத் தேர்ந்தெடுத்தல்

பார் கம்பி உயரமாக உள்ள வண்டியில் காலைப் பின்புறமாகத் தூக்கிப்போட்டு ஏற வேண்டும். கேரியரில் பையோ சாப்பாட்டுக் கூடையோ இருந்தால் இது மேலும் கடினம். எனவே பார் தாழ்ந்த, பெண்கள் சைக்கிள் எனப்படும் வடிவமே இரு பாலருக்கும் ஏற்றது. அகலமான டயர் குண்டும் குழியுமான சாலையின் அதிர்வைத் தணிக்கும்.

இருக்கையில் அமர்ந்து குதிகாலைக் கீழ்ப்பெடலில் வைத்தால் கால் ஏறத்தாழ நேராக நீள வேண்டும். இருக்கை இதைவிட மிகவும் தாழ்ந்திருந்தால் முழங்கால் கூடுதலாக மடங்கி, மூட்டுச் சில்லின் மீது அழுத்தம் ஏறும். இந்த உயரத்தில் அமர்ந்தபடி பாதத்தை முழுமையாகத் தரையில் ஊன்ற முடியாது. நிறுத்தும்போது இருக்கையிலிருந்து முன்னே இறங்கி நிற்கப் பழக வேண்டும். இது கடினமாக இருப்பின், இருக்கையைச் சற்றுத் தாழ்த்தித் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தலாம்.

மேம்பாலம், எதிர்க்காற்று ஆகியவற்றைச் சமாளிக்க மின்னுதவி சைக்கிள் துணைபுரியும். இந்தியாவில் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும் வேகம் மணிக்கு 25 கி.மீ.-க்கு மிகாமலும் உள்ள மின்வண்டிகளுக்கு ஓட்டுநர் உரிமமோ பதிவோ தேவையில்லை. ஆனால் இவை எடை மிக்கவை. நின்ற நிலையில் சாய்ந்தால் தாங்கிப் பிடிப்பது எளிதன்று. வழக்கமான வேகத்தைவிட விரைவாகச் செல்வதால் பிரேக் பிடிக்கும் தொலைவும் கூடும்.

பழக்கப்படுத்திக்கொள்ளும் முறை

நீண்ட இடைவெளிக்குப் பின் தொடங்குபவர்கள், குறிப்பாக இதய நோயோ மயக்கமோ உள்ளவர்கள், மருத்துவரைக் கலந்தாலோசிப்பது தேவை. முதலில் விடுமுறை நாளில் பணியிடம்வரை ஓட்டிப் பார்த்து நேரத்தையும் ஆபத்தான திருப்பங்களையும் அறியலாம். பின்னர் வாரத்துக்கு இரு நாள் எனத் தொடங்கிக் கூட்டலாம். மிகக் குறுகிய வழியைவிட, சற்றுச் சுற்றானாலும் கனரக வண்டிகள் குறைந்த தெருக்களே சிறந்தவை. நெஞ்சு இறுக்கம், மயக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் ஏற்பட்டால் உடனே நிறுத்தி மருத்துவ உதவி நாட வேண்டும்.

இந்தியச் சூழல்

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வேளாண்மையும் வீட்டுத்தொழிலும் சாராத பணியாளர்களில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினர் சைக்கிளில் பணிக்குச் செல்வதாகத் தெரியவந்தது. மகிழுந்தில் சென்றவர்கள் 3 விழுக்காட்டுக்கும் குறைவு. தமிழ்நாட்டில் 1949-இல் அம்பத்தூரில் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் தயாரித்த வண்டிகள் பல தலைமுறைத் தொழிலாளர்களின் ஊர்தியாக விளங்கின.

ஐரோப்பிய ஆய்வுகளில் இடம்பெற்ற பலர் வேறு வழியிருந்தும் சைக்கிளைத் தேர்ந்தவர்கள். இந்தியாவில் ஓட்டும் மூத்தோரில் பலருக்குப் பேருந்துக் கட்டணத்தை மிச்சப்படுத்துவதே நோக்கம். இரவுப் பணிக்குச் செல்லும் காவலாளியால் வெயிலையோ இருட்டையோ தவிர்த்து நேரத்தைத் தேர்ந்தெடுக்க இயலாது. அவரைப் போன்றோருக்கு விலை குறைந்த பாதுகாப்புகளே முதலில் பயன் தருவன: பின்புறச் சிவப்பு ஒளித்திருப்பி, எரியும் விளக்கு, வெளிர்நிறச் சட்டை, தேயாத பிரேக் கட்டைகள், தலைக்கவசம். தெருவிளக்கு, தனிப் பாதை, பணியிடத்தில் நிழலான நிறுத்துமிடம் ஆகியவை தனிமனிதரால் அமைத்துக்கொள்ள முடியாதவை. அவற்றை உள்ளாட்சி அமைப்புகளும் வேலை தருவோருமே வழங்க இயலும்.