கோடைக் காலமும் கோழிக் கூடும்

நாகபுரியில் வாழும் நம்மவர் இல்லங்களில் சித்திரை பிறந்ததும் இரண்டு பேச்சுக்கள் எழுகின்றன. ஊருக்குப் போக இரயிலில் இடம் கிடைத்ததா என்பது ஒன்று; நாம் போனபின் வீட்டுக் கோழிகளை யார் பார்த்துக்கொள்வது என்பது மற்றொன்று. முன்னதைப் பற்றி, இரயில்வேயில் குமாஸ்தாவாக இருக்கும் என்னிடம் பலர் யோசனை கேட்பதுண்டு. பின்னதைப் பற்றி யோசனை கூறும் தகுதி எனக்கு ஒரு பெரும் பிழையினால் கிட்டியது. அதனை மறைக்காமல் எழுதினால் அன்பர்களுக்குப் பயன்படும் என்று கருதுகிறேன்.

எங்கள் குடியிருப்பில் வரிசை வீடுகள். ஒவ்வொன்றின் பின்னும் ஒரு சிறு கொல்லை. ஆறு வீடுகளில் கோழிகள் உண்டு. நால்வர் தமிழர், ஒருவர் தெலுங்கர், கடைசி வீட்டு மூதாட்டி மராத்தியர். அவரை எல்லோரும் 'மாவசி' என்றே அழைப்போம்.

மே மாதத்தில் இங்கு வெயில் 45 டிகிரியைத் தாண்டுவது புதிதன்று. 'லூ' என்னும் அனற்காற்று வேறு வீசும். மனிதராகிய நமக்கு வியர்வை உண்டு. கோழிக்கு வியர்வைச் சுரப்பியே இல்லை. அதன் உடல் வெப்பம் இயல்பாகவே 41 டிகிரிக்குக் குறையாது. ஆகவே அது வாயைத் திறந்து இரைத்தும், சிறகை விரித்தும், கொண்டையின் வழியாகவும் வெப்பத்தை வெளியேற்றுகிறது. ஓயாது இரைப்பதால் இரத்தத்திலுள்ள கரியமில வாயு குறைந்து, முட்டை ஓடு மெலிந்து போகிறது. கோடையில் முட்டை கையிலேயே உடைவதன் காரணம் இதுவே. சிப்பித் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் ஓரளவு ஈடு செய்யும்.

நாங்கள் கைக்கொள்ளும் முறைகள் எளியவை. தீனியைச் சூரியன் ஏறுமுன் ஒரு வேளையும், இறங்கியபின் ஒரு வேளையுமே வைக்கிறோம். இரை செரிக்கும்போது உடலில் சூடு பிறப்பதால், நண்பகலில் வயிறு காலியாக இருப்பதே நலம். குளிர்ந்த நாளில் கால் லிட்டர் நீர் குடிக்கும் கோழி, இவ்வெயிலில் அரை லிட்டரும் குடிக்கும். அந்நீர் மண் பாத்திரத்தில், நிழலில் இருக்க வேண்டும். வெயிலில் காய்ந்த தகரப் பாத்திரத்து நீரைக் கோழி தொடாது. கூட்டின் மேற்குப் பக்கம் நனைத்த சாக்கைத் தொங்கவிடச் சொன்னவர் மாவசி. நாம் கோணி என்பதை அவரும் 'கோணீ' என்றே சொல்வதால், அந்தப் பாடத்திற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. இங்குள்ள காற்று வறண்டதாகையால் ஈரச் சாக்கு நன்றாகக் குளிர்விக்கும். கடலோரமான நம் சென்னையில் இவ்வளவு பலன் இராது. வெப்பம் தாக்கி மயங்கிய கோழியைப் பனிக்கட்டி நீரில் முக்குதல் தவறு. நிழலில் கிடத்தி, கால்களைச் சாதாரண நீரால் நனைத்து, விசிறி, தெளிந்தபின் குடிக்கத் தர வேண்டும்.

இவையெல்லாம் அறிந்திருந்தும் நான் தவறினேன். 2019-ஆம் ஆண்டு மே மாதம், கோவில்பட்டிப் பக்கத்தைச் சேர்ந்த அடுத்த வீட்டு அக்கா, தம் 9 கோழிகளையும் ஒரு சேவலையும் என்னிடம் ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போனார்கள். என்னுடையவை 6. விலை மலிவாகக் கிடைத்ததென்று வாரச் சந்தையில் இரண்டு கோழிகளை வாங்கி வந்து, அன்றே அவற்றுடன் சேர்த்துவிட்டேன். நான்கு நாள் கழித்து அவ்விரண்டும் வாயைத் திறந்து இரைத்தன. "வெயில்தானே!" என்று கூடுதலாக நீர் வைத்தேன். மறுநாள் அவை இறந்தன. அக்கம்பக்கத்தில் சொல்ல வெட்கப்பட்டு வாளாவிருந்தேன். ஒரு வாரத்திற்குள் மற்றவையும் ஒவ்வொன்றாக விழுந்தன. இறந்த ஒன்றைக் கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றபோது, அது வெள்ளைக்கழிச்சல் நோய் என்று மருத்துவர் கூறினார். அக்காவுடையவற்றில் எஞ்சியவை இரண்டு, என்னுடையதில் ஒன்று.

கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரசில் திரும்பிய அக்காவை நிலையத்திலேயே கண்டு சொன்னேன்.

"சேவல்?" என்று கேட்டார்கள்.

"அதுவும் போய்விட்டது அக்கா."

சிறிது நேரம் பெட்டியின் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, "வெயிலில் செத்தது என்று நீ சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன், தம்பி. இனிமேல் இதை முதல் நாளே சொல், கடைசி நாளில் சொல்லாதே" என்றார்கள்.

வெயிலின்மேல் பழிபோடுவது எளிது. ஆகவே வேற்றுமையை அறிந்து வைத்துக்கொள்ளுங்கள். வெப்பத்தால் இரைக்கும் கோழிகள் எல்லாம் ஒருங்கே பிற்பகலில் இரைக்கும். பொழுது சாய்ந்ததும் தெளியும். நோயுற்ற கோழியோ குளிர்ந்த விடியலிலும் மூச்சுத் திணறும்; ஒதுங்கித் தலை குனிந்து நிற்கும்; பச்சையாகவோ வெள்ளையாகவோ கழியும்; சிலவற்றின் கழுத்து திருகிக்கொள்ளும். குமாயூன் மலையிலுள்ள ராணிகேத் என்னும் ஊரின் பெயரால் இந்நாட்டில் அறியப்பெறும் இந்நோய் கண்டபின் மருந்தில்லை. வருமுன் தடுப்பூசி ஒன்றே காப்பு. முதல் வாரத்தில் குஞ்சின் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து; எட்டு வாரம் கடந்தபின் ஊசி.

இங்கேதான் அண்டை வீட்டார் துணை இன்றியமையாததாகிறது. இம்மருந்துக் குப்பி பெரும்பாலும் 100 கோழிகளுக்குரிய அளவில் வருகிறது. கரைத்த மருந்தை இரண்டொரு மணி நேரத்தில் செலுத்திவிட வேண்டும். மீந்ததை வைத்துக்கொள்ள இயலாது. பத்துக் கோழி உள்ளவர் தனியே என்ன செய்வார்? ஆறு வீட்டாரும் ஒரே நாளில் பணம் சேர்த்து, பனிக்கட்டியிட்ட பெட்டியில் குப்பியை வாங்கி வந்து, விடியற்காலையில் போட்டு முடித்துவிடுகிறோம்.

மற்ற ஏற்பாடுகளும் அவ்வாண்டு முதல் நிலைத்துவிட்டன. சந்தையில் வாங்கிய கோழி மூன்று வாரம் தனிக் கூட்டில் இருக்கும். ஊருக்குப் போகாதவர்கள் முறை வைத்துக் காலை, நண்பகல், மாலை என நீர் வைப்பார்கள். ஒரு வீட்டுக் கூட்டிலிருந்து மறு வீட்டுக் கூட்டுக்குக் கை கால் கழுவாமல் போவதில்லை. நோயுள்ள வீட்டுக்குக் கடைசியாகவே போவது. ஒரு கோழி சோர்ந்தாலும் அன்று மாலையே ஆறு வீட்டுக்கும் செய்தி போகும். பல கோழிகள் திடீரென மடிந்தால் அரசாங்கக் கால்நடை மருத்துவமனைக்கு அறிவிப்போம்; ஏனெனில் பறவைக் காய்ச்சலையும் வெள்ளைக்கழிச்சலையும் கண்ணால் பிரித்தறிய முடியாது. இந்தியாவில் பறவைக் காய்ச்சல் முதன்முதல் உறுதியானது 2006-ஆம் ஆண்டு, நம் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில்தான் என்பதை மறக்கலாகாது. இறந்தவற்றைச் சமைப்பதோ சாக்கடையில் எறிவதோ கூடாது. சுண்ணாம்பிட்டு ஆழப் புதைத்தல் வேண்டும்.

சென்ற கோடையில் நான் குடும்பத்துடன் ஊருக்குப் போனேன். என் கோழிகளை அக்காவிடம் ஒப்படைத்தேன். மூன்றாம் நாள் தொலைபேசியில் அழைத்து, "உன் கறுப்புப் பெட்டை இன்று சரியாகத் தின்னவில்லை, தனியே விட்டிருக்கிறேன்" என்றார்கள். மறுநாள் அது எழுந்து தின்றுவிட்டது, வெறும் வெயில்தான். எனினும் அந்த ஒரு வார்த்தைக்காக அவர்களுக்கு நான் என்றும் கடன்பட்டவன்.