குச்சியில் ஏறிய உருண்டைகள்

எங்கள் வீட்டில் எவருக்குப் பிறந்தநாள் வந்தாலும் இனிப்புச் செய்வது அம்மாவின் பொறுப்பு. ரவா லட்டோ பொரிவிளங்காய் உருண்டையோ, அவர் கையால் பிடித்ததாகவே இருக்கும். சென்ற ஆண்டு அவருக்கு மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை தொடங்கியதும், மகள்களாகிய நாங்கள் இருவரும் முதலில் செய்தது அவரைச் சமையலறையிலிருந்து விலக்கியதுதான். கிருமி தொற்றும், களைப்பு மிகும், கை சுட்டுவிடும் எனக் காரணங்கள் பல சொன்னோம். அவர் மறுக்கவில்லை. நான்காவது கீமோதெரபிக்குப் பின் ஒருநாள், "என் வீட்டிலேயே என்னை விருந்தாளியாக்கி விட்டீர்கள்" என்று மட்டும் சொன்னார்.

அச்சொல் எங்களை உறுத்தியது. அடுத்த பரிசோதனைக்கு வந்தபோது மருத்துவரிடமும் உணவியல் ஆலோசகரிடமும் இதுபற்றிக் கேட்டோம். அவர் செய்யக்கூடாதவற்றை மட்டும் நாங்கள் ஏற்றுக்கொண்டு, எஞ்சிய வேலையை அவரிடமே விட்டுவிடலாம் என்றனர்.

பேத்தியின் ஏழாவது பிறந்தநாள் நெருங்கியது. அவள் விரும்பிக் கேட்டது கேக் பாப். கேக்கை உதிர்த்து உருண்டையாக்கி, குச்சியில் செருகி, சாக்லேட்டில் தோய்த்தெடுக்கும் பண்டம் அது.

வேகாத மாவிலும் முட்டையிலும் கிருமிகள் இருக்கக்கூடும். இரத்த வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் காலத்தில் அவை பெருந்தீங்கு விளைவிக்கும். ஆகவே மாவு கலந்து கேக் சுடும் வேலையை முந்தைய நாளே நாங்கள் முடித்துவிட்டோம். நன்கு வெந்து ஆறிய கேக்தான் அம்மாவின் கைக்குச் சென்றது.

மோதிரத்தைக் கழற்றி, சோப்பிட்டுக் கைகழுவி, அனைவரும் மேசையைச் சுற்றி அமர்ந்தோம். கிரீம் பூசாத கேக் 250 கிராம். அதை உதிர்த்து, இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெயும் ஒரு மேசைக்கரண்டி ஜாமும் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பிசைந்தோம். நாங்கள் பிடித்தவை விரிசல் விட்டன. அம்மா ஒரு பிடி எடுத்து, ரவா லட்டுப் பிடிப்பதுபோல் அழுத்தி உருட்டினார். நெல்லிக்காய் அளவில் பதினான்கு உருண்டைகள் வரிசையாக அமர்ந்தன.

சிகிச்சையால் அவருக்கு விரல்நுனிகள் மரத்திருந்தன. சூடு உடனே உறைக்காது. எனவே கொதிநீரின்மேல் கிண்ணம் வைத்து 200 கிராம் சாக்லேட்டை உருக்கும் பணி எங்களுடையது. அதில் ஒரு நீர்த்துளி விழுந்தாலும் சாக்லேட் திரிந்து கட்டியாகிவிடும். குச்சியின் நுனியைச் சாக்லேட்டில் தொட்டு உருண்டையில் பாதிவரை செருகி, இருபது நிமிடம் குளிர்பெட்டியில் வைத்தோம். பின்னர் ஒவ்வொன்றாகத் தோய்த்து, அரிசி நிரப்பிய டம்ளர்களில் நிறுத்தினோம். அதிகநேரம் குளிர்ந்துவிட்ட இரண்டின் மேற்பூச்சு வெடித்தது.

அலங்காரம் பாட்டிக்கும் பேத்திக்கும் உரியதாயிற்று. வெள்ளைச் சாக்லேட்டைப் பல்குத்தும் குச்சியால் தொட்டு அம்மா புள்ளிக்கோலம் வைத்தார். மரத்த விரல்களால் புள்ளிகள் கோணலாயின. "பாட்டி, இது சிரிக்கிற மாதிரி இருக்கு" என்றாள் சிறுமி. அம்மாவும் சிரித்தார். அரைமணி நேரத்தில் களைத்துப் படுக்கச் சென்றார். எஞ்சிய ஐந்தைப் பேத்தி முடித்தாள். வாய்ப்புண் இருந்ததால் மாலையில் அம்மா உண்டது, மேற்பூச்சில்லாத உருண்டையில் பாதி மட்டுமே. ஆயினும் வந்தவர்களுக்கெல்லாம் தட்டை நீட்டியவர் அவர்தான்.

உங்கள் இல்லத்திலும் இதைச் செய்ய விரும்பினால், முதலில் மருத்துவரைக் கேளுங்கள். நீரிழிவு, சிறுநீரக நோய், விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கு இப்பண்டம் பொருந்தாமற் போகலாம். சிறு குழந்தைகளுக்கு உருண்டையை உதிர்த்து, குச்சியின்றிக் கொடுங்கள். மீந்ததைக் குளிர்பெட்டியில் வைத்து இரண்டு நாளுக்குள் உண்டுவிடுங்கள். வேலையைப் பிரிக்கும்போது நோயுற்றவரிடம், "நீங்கள் எதைச் செய்கிறீர்கள்?" என்று கேளுங்கள். நாங்கள் அதைக் கேட்கச் சில மாதங்கள் தாமதித்துவிட்டோம்.