சூரிய மின்னேற்றி: மலிவும் பொருத்தமும்

நுழையும்முன்

கதிரவன் ஒளிக்கு விலையில்லை. அதனை மின்னாற்றலாக மாற்றும் பலகைகளின் விலையும் கடந்த சில பத்தாண்டுகளில் பெரிதும் குறைந்துவிட்டது. பகலில் கிடைக்கும் ஆற்றலை இரவுக்குச் சேமிக்க மின்கலமும், அதனை முறையாக நிரப்ப மின்னேற்றியும் வேண்டும். குறைந்த விலையில் கிடைக்கும் மின்னேற்றித் தொகுதிகளுள் எம்மின்கலத்திற்கு எது பொருந்தும் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

பலகைக்கும் மின்கலத்திற்கும் இடையில்

ஒளியால் மின்னோட்டம் உண்டாவதைப் பிரெஞ்சு அறிவியலறிஞர் எட்மண்ட் பெக்கரல் 1839இல் கண்டறிந்தார். அமெரிக்காவின் பெல் ஆய்வகம் 1954இல் பயன்பாட்டுக்கு உகந்த சிலிக்கான் சூரியக்கலத்தை உருவாக்கிக் காட்டியது. இன்று வீட்டுக்கூரை, வயல்வேலி, தெருவிளக்கு, மாணவர்தம் செயல்திட்டங்கள் என எங்கும் அக்கலங்கள் இடம்பெறுகின்றன.

சூரியப் பலகை தரும் மின்சாரம் ஒரே சீராக இருப்பதில்லை. முகில் மறைத்தால் மின்னோட்டம் குறையும். வெயில் ஏறினால் கூடும். மேலும், கடைகளில் ‘12 வோல்ட் பலகை’ எனப்படுவது 36 சூரியக்கலங்களைக் கொண்டது. அது முழுத்திறனில் இயங்கும்போது ஏறத்தாழ 18 வோல்ட்டும், எதனோடும் இணைக்கப்படாதபோது 21 வோல்ட்டுக்கு மேலும் காட்டும். மின்கலமோ குறிப்பிட்ட எல்லைவரைதான் மின்னழுத்தத்தைத் தாங்கும். மாறிக்கொண்டே இருக்கும் வரவை, மாறாத எல்லைக்குள் அடக்கித் தருவதே மின்னேற்றியின் பணி. ஆகவே, மின்னேற்றியைத் தேர்ந்தெடுக்கும் முன் மின்கலத்தின் இயல்பை அறிதல் வேண்டும்.

மின்கலங்களின் இயல்பு

மக்கள் வழக்கில் ‘பேட்டரி’ எனப்படும் சேமிப்பு மின்கலங்களுள் நான்கு வகைகள் பெரிதும் பயன்பாட்டில் உள்ளன.

காரீய-அமில மின்கலத்தை 1859இல் கஸ்தோன் பிளாந்தே உருவாக்கினார். அதன் ஒவ்வோர் அறையும் 2 வோல்ட் தரும். ஆறு அறைகள் சேர்ந்து 12 வோல்ட் ஆகும். அதனை 14.4 வோல்ட் அளவில் நிரப்பிய பின், 13.5 முதல் 13.8 வோல்ட்டில் தொடர்ந்து இணைத்து வைக்கலாம். அதற்குப் பகை பட்டினியே. பாதி நிரம்பிய நிலையில் நெடுநாள் விட்டால், தகடுகளில் காரீய சல்பேட்டுப் படிகங்கள் இறுகி, மின்கலம் கொள்ளளவை இழக்கும்.

லித்தியம் அயனி மின்கலம் 1991இல் விற்பனைக்கு வந்தது. ஒரு கலத்தின் இயல்பு மின்னழுத்தம் 3.7 வோல்ட், நிரம்பும் எல்லை 4.2 வோல்ட். எல்லையை எட்டி, மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தவுடன் மின்னேற்றம் நிற்க வேண்டும். எல்லை மீறினால் கலம் சூடேறி, வீங்கி, தீப்பற்றவும் கூடும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலத்தின் இயல்பு மின்னழுத்தம் 3.2 வோல்ட், உச்ச எல்லை 3.65 வோல்ட். இது முன்னதைவிட வெப்பத்தை நன்கு தாங்கும். நீண்ட நாள் உழைக்கும்.

நிக்கல் உலோக ஹைட்ரைடு மின்கலம் 1.2 வோல்ட் தருவது. இதற்கு மின்னழுத்தத்தைவிட மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவதே முதன்மை. கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கிற்கு மிகாத மின்னோட்டத்தில் மெதுவாக நிரப்பலாம். அதாவது, 600 மில்லி ஆம்பியர்-மணி கலத்திற்கு 60 மில்லி ஆம்பியர் போதும். தோட்டத்துச் சிறு சூரியவிளக்குகள் இவ்வெளிய முறையால்தான் இயங்குகின்றன.

தெரிந்து தெளிவோம்

லித்தியம் அயனி மின்கலத்தின் உருவாக்கத்திற்காக ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. மின்கல ஆய்வில் ஈடுபட்டுவரும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் தமிழ்நாட்டின் காரைக்குடியில் உள்ளது. வள்ளல் அழகப்பர் வழங்கிய நிலத்தில் 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953இல் அது திறக்கப்பட்டது.

ஒரு பெயர், மூன்று எல்லைகள்

‘12 வோல்ட் பேட்டரி’ என்னும் ஒரே பெயரில் மூவகை மின்கல அடுக்குகள் விற்கப்படுகின்றன. ஆறு அறைகள் கொண்ட காரீய-அமில அடுக்கு 14.4 வோல்ட்டில் நிரம்பும். மூன்று லித்தியம் அயனிக் கலங்களின் அடுக்கு 12.6 வோல்ட்டிலேயே நிரம்பிவிடும். நான்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட் கலங்களின் அடுக்குக்கு எல்லை 14.6 வோல்ட்.

காரீய-அமில மின்கலத்திற்கெனச் செய்யப்பட்ட கட்டுப்படுத்தியை, மூன்று லித்தியம் அயனிக் கலங்கள் கொண்ட அடுக்குடன் இணைத்தால் என்ன நேரும்? 14.4 வோல்ட்டை மூன்றால் வகுத்தால், ஒவ்வொரு கலத்திற்கும் 4.8 வோல்ட் கிடைக்கிறது. 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாத கலத்திற்கு இது பேராபத்து. மாறாக, 12.6 வோல்ட்டில் நின்றுவிடும் மின்னேற்றியைக் காரீய-அமில மின்கலத்துடன் இணைத்தால் தீப்பிடிக்காது. ஆனால், மின்கலம் ஒருநாளும் நிரம்பாமல் சில மாதங்களில் வீணாகும். முன்னது மிகையால் வரும் கேடு. பின்னது குறையால் வரும் கேடு.

லித்தியம் அடுக்குகளில் உள்ள பாதுகாப்புச் சுற்று மிகையான மின்னழுத்தத்தைத் துண்டிக்கும். எனினும், அது இறுதிக் காவலே அன்றி மின்னேற்றி அன்று. நாள்தோறும் காவலை நம்பி எல்லை மீறுவது முறையாகாது.

ஒற்றைக் கலத்திற்கான தொகுதிகள்

மாணவர்தம் செயல்திட்டங்களில் மிகுதியாக இடம்பெறுவது டிபி 4056 என்னும் சில்லு பொருத்தப்பட்ட தொகுதி. ஒரு லித்தியம் அயனிக் கலத்தை 4.2 வோல்ட்வரை, 1 ஆம்பியருக்கு மிகாமல் இது நிரப்பும். இது கூடுதல் மின்னழுத்தத்தை வெப்பமாக்கிக் கழிக்கும் வகையைச் சார்ந்தது. 6 வோல்ட் பலகையிலிருந்து 3.7 வோல்ட் கலத்திற்கு 1 ஆம்பியர் செலுத்தினால், எஞ்சிய 2.3 வோல்ட், 2.3 வாட் வெப்பமாக அச்சிறு சில்லிலேயே தங்கும். சூடு மிகும்போது அது மின்னோட்டத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

சிறு பலகைகளில் மற்றொரு சிக்கலும் உண்டு. 1 வாட், 6 வோல்ட் பலகையால் ஏறத்தாழ 160 மில்லி ஆம்பியர்தான் தர இயலும். 1 ஆம்பியர் கேட்கும் தொகுதியை இணைத்தால் பலகையின் மின்னழுத்தம் சரிந்து, மின்னேற்றம் தடைபடும். தொகுதியிலுள்ள 1.2 கிலோ ஓம் மின்தடையை நீக்கி 10 கிலோ ஓம் மின்தடையைப் பொருத்தினால், அது ஏறத்தாழ 130 மில்லி ஆம்பியரே கேட்கும். பலகையின் வலிமைக்கும் அது பொருந்தும்.

பெரிய பலகைக்குச் சிஎன் 3791 சில்லுள்ள தொகுதி ஏற்றது. இது கூடுதல் மின்னழுத்தத்தை வெப்பமாக்காமல், சுருள் வழியே மின்னோட்டமாக மாற்றித் தருகிறது. பலகையின் மின்னழுத்தம் சரியாதபடியும் காக்கிறது. 6, 9, 12 வோல்ட் பலகைகளுக்கெனத் தனித்தனியே இத்தொகுதி கிடைப்பதால் குறிப்பைப் படித்தே வாங்க வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் கலத்திற்கு மேற்கண்ட இரண்டும் ஆகா. 3.6, 4.2 வோல்ட் ஆகிய இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்ய இடந்தரும் டிபி 5000 தொகுதியை அதற்குப் பயன்படுத்தலாம்.

இருவகைக் கட்டுப்படுத்திகள்

12 வோல்ட் அடுக்குகளுக்கான கட்டுப்படுத்திகள் இருவகைப்படும். பிடபிள்யூஎம் வகை, பலகையை மின்கலத்துடன் விரைந்து இணைத்தும் துண்டித்தும் இயங்கும். அப்போது பலகை மின்கலத்தின் மின்னழுத்தத்திற்கே இறங்கிவிடும். 18 வோல்ட்டில் 5.5 ஆம்பியர் தரும் 100 வாட் பலகை, 13 வோல்ட் மின்கலத்திற்கு ஏறத்தாழ 72 வாட்தான் வழங்கும். எம்பிபிடி வகை, பலகையை அதன் உச்சத்திறன் புள்ளியிலேயே நிறுத்தி, மிகையான மின்னழுத்தத்தை மின்னோட்டமாக மாற்றும்.

விலை கூடிய எம்பிபிடியே எங்கும் வேண்டும் என்பதில்லை. 10 வாட் பலகையில் இழப்பு 3 வாட் அளவே. அங்கே மலிவான பிடபிள்யூஎம் போதும். 30 வோல்ட்டில் இயங்கும் பெரும்பலகையை 12 வோல்ட் மின்கலத்துடன் இணைக்கும்போது பாதிக்கு மேல் இழப்பு நேரும் என்பதால், அங்கே எம்பிபிடி இன்றியமையாதது. மலிவான சில கருவிகள் எம்பிபிடி எனப் பெயர் மட்டும் தாங்கி வருகின்றன. உள்ளே பருத்த சுருள் இல்லையெனில் அது பிடபிள்யூஎம் வகையே எனக் கொள்ளலாம்.

வெப்பமும் விழிப்பும்

காரீய-அமில மின்கலத்தின் நிரம்பும் எல்லை 25 பாகை செல்சியசுக்குக் கூறப்படுவது. வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால், அறை ஒன்றுக்கு 3 முதல் 5 மில்லிவோல்ட் குறைக்க வேண்டும். 4 மில்லிவோல்ட் எனக் கொண்டால், 40 பாகை வெப்பத்தில் ஆறு அறைகளுக்கு 0.36 வோல்ட் குறையும். அப்போது 14.4 அன்று, 14.0 வோல்ட்டே சரியான அளவு. இத்திருத்தம் இல்லாத கருவியைப் பயன்படுத்துவோர், மின்கலத்தை நிழலில் காற்றோட்டமாக வைத்தல் நன்று.

இணைக்கும்போது கட்டுப்படுத்தியில் முதலில் மின்கலத்தையும் அதன்பின் பலகையையும் இணைக்க வேண்டும். கழற்றும்போது பலகையை முதலில் நீக்க வேண்டும். புதிய தொகுதி எதுவாயினும், நிரம்பும் மின்னழுத்தத்தைப் பன்முக அளவியால் ஒருமுறை அளந்து பார்த்தபின் பயன்படுத்துதல் பாதுகாப்பானது.

சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுச் சந்தைகளில் இத்தொகுதிகள் குவியல் குவியலாகக் கிடைக்கின்றன. விலை குறைவு என்பது அவற்றின் குறையன்று. மின்கலத்தின் வகை, கலங்களின் எண்ணிக்கை, நிரம்பும் எல்லை, பலகையின் வலிமை ஆகிய நான்கையும் அறிந்து வாங்குவோர்க்குச் சில பத்து ரூபாய்த் தொகுதியும் பல ஆண்டு உழைக்கும். அறியாது வாங்குவோர்க்கு அதுவே மின்கலத்தின் விலையையும் சேர்த்து இழக்கச் செய்யும். பொருத்தம் அறிந்து வாங்குவதே உண்மையான சிக்கனம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலுள்ள மின்னேறு கருவிகளின் மின்கல வகைகளையும் அவற்றில் குறிக்கப்பட்டுள்ள மின்னழுத்தத்தையும் பட்டியலிடுக.

2. ‘12 வோல்ட்’ எனக் குறிக்கப்பட்ட மின்கல அடுக்கை வாங்கச் செல்லும் ஒருவர் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய வினாக்களை உரையாடலாக எழுதுக.