வடதிசைக்கு வந்த மின்சாரம்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி சென்னை ராயபுரத்தில் புறப்பட்டு, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் ஊடாகவே வாலாஜா ரோட்டை அடைந்தது. அத்தகைய பெருமை வாய்ந்த பாதையில் திருவள்ளூர் வரை மின்சாரம் வந்ததோ 1979இல்தான். கும்மிடிப்பூண்டிக்கும் அதே ஆண்டில்தான். கடற்கரை–தாம்பரம் மார்க்கத்தில் 1931லேயே மின்சார ரயில் ஓடி, மாம்பலமும் சைதாப்பேட்டையும் உத்தியோகஸ்தர்களின் வாசஸ்தலங்களாகச் செழித்திருக்க, இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலையும், அம்பத்தூரில் தொழிற்பேட்டையும், ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் எழுந்த திருவள்ளூர் மார்க்கத்தின் தொழிலாளர்கள் 1979 வரை காத்திருக்க நேர்ந்தது அநியாயமே.

மின்சார ரயிலின் சிறப்பு வெறும் வேகமன்று. தலைக்கு மேலுள்ள கம்பியிலிருந்து பெறும் 25,000 வோல்ட் மின்சாரத்தைக் குறைத்து, வண்டி நெடுகிலும் பல பெட்டிகளில் பொருத்தியுள்ள மோட்டார்களுக்கு அளிப்பதனால், நின்ற வண்டி சட்டென்று வேகம் பிடிக்கிறது; இரு முனையிலும் ஓட்டுநர் அறை இருப்பதனால், எஞ்சினைக் கழற்றி மாட்டாமல் அப்படியே திரும்புகிறது. ஆகவேதான் கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர் என்று அடுத்தடுத்து நின்றாலும் அதிகத் தாமதம் ஏற்படுவதில்லை.

இந்தச் சிறு நிலையங்களே ஜனங்களின் வாழ்வை மாற்றின. வேப்பம்பட்டு, திருநின்றவூர்ப் பக்கத்து வயல்கள் மனைகளாயின. அதில் நஷ்டமும் உண்டு. ஆனால், சீசன் டிக்கெட் ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிராமத்துப் பெண் தனியே வேலைக்குப் போய்த் திரும்பும் சுதந்திரத்தை எந்தச் சட்டம் இவ்வளவு சுலபமாகத் தந்திருக்கும்? காலையில் பொன்னேரிக் காய்கறிக் கூடைகள் பட்டணம் நோக்கி வர, எதிர்த்திசை வண்டியில் சாப்பாட்டுப் பையை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு, சிப்காட் தொழிற்பேட்டை ஷிப்டுக்குப் போகிறவர்கள் பக்கத்திலிருப்பவர் இன்ன ஜாதியென்று கேளாமலே தோள்மேல் சாய்ந்து தூங்குகிறார்கள்.

எனினும் அத்திப்பட்டுக்கு வடக்கே விஜயவாடா மார்க்கத்து எக்ஸ்பிரஸ்களும் சரக்கு வண்டிகளும் புறநகர் ரயில்களும் இரண்டே தண்டவாளப் பாதைகளைப் பங்கிட்டுக்கொள்வதால், எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு நிற்கும் வண்டியில் தவிப்பவன், தாமதமானால் கூலி குறையும் தொழிலாளியே. கும்மிடிப்பூண்டி வரை மூன்றாவது, நான்காவது பாதைகளை இனியும் காலம் கடத்தாமல் அமைத்துத் தரவேண்டும்.