தீவகமும் நகரப் போக்குவரத்துத் திட்டமும்

ஒரு நகரத்தின் எல்லை யாது என வினவின், மாநகர சபையின் வரைபடத்தைக் காட்டி விடையிறுத்தல் எளிது. ஆயின், காலையில் அந்நகரத்துச் சந்தைக்கு மீன் கொண்டுவருபவனும், அங்குள்ள வைத்தியசாலைக்கு நோயாளியை அழைத்து வருபவளும், கல்லூரியை நாடிவரும் மாணவனும் எவ்வெவ்விடத்திலிருந்து புறப்படுகின்றனரோ அவ்வவ்விடம் வரையும் நகரம் பரந்து கிடக்கின்றது எனக் கொள்வதே புவியியல் நெறிக்கு ஏற்புடையது. இந்நெறி பற்றி நோக்கின், யாழ்ப்பாண நகரம் பண்ணைக் கடற்கரையோடு முடிந்துவிடுவதன்று. வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு ஆகியவற்றைக் கடந்து, நயினாதீவையும் தழுவி, நெடுந்தீவின் மாவிலித்துறை வரையும் அது நீண்டு செல்கின்றது. நகரப் போக்குவரத்துத் திட்டம் எனப்படுவது எங்கே தொடங்க வேண்டும் என்னும் வினாவுக்கு விடையும் இதனுள்ளேயே அடங்கியுள்ளது.

போக்குவரத்து தனக்காகவே வேண்டப்படும் பொருளன்று. பயணஞ் செய்தலே பயனாகப் பயணஞ் செய்வோர் மிகச் சிலர். தொழில், கல்வி, மருத்துவம், வணிகம், வழிபாடு என்பனவற்றின் பொருட்டே மக்கள் வழிநடக்கின்றனர். ஆகலின், ஒரு போக்குவரத்துத் திட்டத்தின் சிறப்பை அளக்குங்கால், எத்துணை மைல் வீதி அமைக்கப்பட்டது, எத்துணை வாகனங்கள் ஓடின என்பன முதற்கண் எண்ணத்தக்கன அல்ல. தான் கருதிய காரியத்தை முடித்து அன்றே வீடு திரும்ப எத்தனை பேருக்கு இயல்கின்றது என்பதே முதல் அளவுகோலாகும். வளர்ந்துவரும் நாடுகளின் நகரங்களில் இவ்வளவுகோல் பெரும்பாலும் கைவிடப்படுகின்றது. சொந்த வாகனமுடையோர் சிலராயும், பஸ் வண்டியையும் படகையும் நடையையும் நம்பியிருப்போர் பலராயும் உள்ள அந்நாடுகளில், பொதுப்பணத்தின் பெரும்பகுதி வீதிகளை அகலிப்பதில் செலவாகின்றது. அகன்ற வீதி புதிய வாகனங்களை அழைக்க, சில ஆண்டுகளில் நெருக்கடி மீளவும் தோன்றுகின்றது. காத்திருப்போரோ காத்துக்கொண்டே இருக்கின்றனர்.

இவ்வுண்மையைத் தீவகத்தின் வரலாறு தெளிவுற விளக்கும். இன்று நகரத்தின் பின்புறம் எனக் கருதப்படும் தீவகம் ஒருகாலத்தில் வடபகுதியின் தலைவாயிலாக விளங்கியது. கி.பி. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆட்சி செய்த முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் தமிழ்ச் சாசனமொன்று நயினாதீவிலே கிடைத்துள்ளது. வெளிநாட்டு வணிகர் ஊராத்துறையிலே வந்து இறங்குதல் வேண்டும் எனவும், யானையுங் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் உடையின் நான்கிலொரு கூறு மட்டுமே அரசுக்குரியது எனவும், ஏனைய வணிகப் பண்டங்களை ஏற்றிவரும் மரக்கலம் உடையின் சரிபாதி அரசுக்குரியது எனவும் அச்சாசனம் விதிக்கின்றது. ஊராத்துறை என்பது இக்கால ஊர்காவற்றுறையே. துறையை வரையறுத்து, வருவோரின் பாதுகாப்புக்கு உறுதி கூறி, இழப்புக்கும் விதி வகுத்த இச்சாசனத்தை இம்மண்ணின் பழைய போக்குவரத்துச் சட்டங்களுள் ஒன்றெனக் கூறல் பொருந்தும்.

பின்வந்த போர்த்துக்கேயர் இங்கிருந்து யானைகளைக் கப்பலேற்றினமையால், இதனை யானைத்துறை எனப் பொருள்படத் தம் மொழியில் அழைத்தனர். துறைமேடையைக் குறிக்கும் அவர்தம் சொல்லே ஆங்கிலத்தில் வழங்கும் கயிட்ஸ் என்னும் பெயருக்கு மூலமாயிற்று. ஒல்லாந்தரோ தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களையே சூட்டினர். நெடுந்தீவுக்கு அவர்கள் இட்ட டெல்வ்ற் என்னும் பெயர் ஆங்கில வழக்கில் இன்றும் நிலைத்துள்ளது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே நீர் நடுவில் நிற்கும் கடற்கோட்டை, அக்கால ஆட்சியாளர் இக்கடல்வழிக்கு அளித்த மதிப்புக்குச் சான்றாக நிற்கின்றது.

பாய்க்கப்பற் காலத்தில் கடலே வீதி, துறையே சந்தி. இரும்புப்பாதை வந்ததும் இந்நிலை மாறியது. 1902 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே புகையிரதம் ஓடத் தொடங்கிற்று. 1905 ஆம் ஆண்டில் கொழும்புடனான தொடர்பு நிறைவுற்றது. கடல்வழியே வந்துபோன சரக்கும் மக்களும் படிப்படியாகத் தரைவழியை நாடவே, முன்வாயில் பின்வாயிலாயிற்று. இடம் இருந்த இடத்திலேயே இருப்பினும், போக்குவரத்து முறை மாறுங்கால் அதன் நிலை உயர்தலும் தாழ்தலும் உண்டு என்பதற்கு ஊர்காவற்றுறையினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. 1958 ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி பஸ் சேவைகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியபோது, வருவாய் குறைந்த வழிகளிலும் வண்டி ஓடவேண்டும் என்னும் கொள்கை வலுப்பெற்றது. 1979 ஆம் ஆண்டு முதல் தனியாருக்கும் இடமளிக்கப்பட்டது. அதன்பின் இலாபந் தரும் வழிகளில் வண்டிகள் ஒன்றையொன்று முந்துவதும், இலாபந் தராத வழிகளில் மக்கள் வண்டிக்காகக் காத்திருப்பதும் நாடெங்கும் காணப்படும் காட்சியாயின.

இனித் தீவகத்தின் இக்கால அமைப்பினை நோக்குவோம். யாழ்ப்பாண நகரத்திலிருந்து பண்ணைப் பாலத்தின் வழியே மண்டைதீவுச் சந்தியைக் கடந்து வேலணையையும் ஊர்காவற்றுறையையும் அடையலாம். வேலணையிலிருந்து, வாணர் பாலம் என மக்கள் வழங்கும் நெடிய கடலிடைப் பாதை புங்குடுதீவுக்குச் செல்கின்றது. அத்தீவின் மேற்கு முனையிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகேற வேண்டும். எழுவைதீவு, அனலைதீவு ஆகியவற்றின் மக்களுக்கு ஊர்காவற்றுறையே கரை. காரைநகர் பொன்னாலைப் பாலத்தாற் குடாநாட்டோடு இணைந்துள்ளது. ஆயினும் அதற்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய நீரிணையைக் கடக்கப் பாதை எனப்படும் மிதவையையே நம்பவேண்டியுள்ளது. மிதவை ஓடாத நாளில், கண்ணுக்கு எதிரே தெரியும் கரையை அடைய நகரத்தைச் சுற்றிப் பல மைல் செல்ல நேரிடும். நீரின்மேல் மிதக்கும் ஒன்றுக்குப் பாதை என்றே பெயரிட்ட ஊர்மக்கள், படகுச் சேவையும் வீதியின் ஒரு பகுதியே என்னும் உண்மையைத் திட்டமிடுவோருக்கு முன்னரே உணர்ந்திருந்தனர் போலும்.

இங்கே இடர்ப்பாட்டின் வேர் தூரத்தில் இல்லை, தொடர்ச்சியின்மையில் உள்ளது. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குக் கடலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் செல்லும். அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தரையிலும் ஏறத்தாழ அவ்வளவே ஆகும். படகு காலை எட்டு மணிக்குத் துறையை அடைகின்றது எனவும், பஸ் வண்டி பத்து நிமிடத்துக்கு முன்னரே புறப்பட்டுவிட்டது எனவும், அடுத்த வண்டி எட்டு ஐம்பதுக்கே உண்டு எனவும் வைத்துக்கொள்வோம். பயணி ஐம்பது நிமிடங்களை வெயிலில் இழக்கின்றான். வீதியைச் செப்பனிட்டு வண்டியின் வேகத்தை உயர்த்தினால் அவனுக்குப் பத்து நிமிடம் மிஞ்சலாம். அதற்குக் கோடிக்கணக்கில் பொருள் வேண்டும். வண்டி படகுக்காகப் பத்து நிமிடம் பொறுத்திருந்தால் ஐம்பது நிமிடம் மிஞ்சும்; அதற்கு வேண்டுவது ஒரு நேரசூசியும் அதனைக் காக்கும் ஒழுங்குமே.

மாலையில் இதன் விளைவு இன்னும் கடுமையானது. கடைசிப் படகு எப்பொழுது புறப்படுகின்றது என்பதே தீவு மக்களின் ஒரு நாளின் நீளத்தை வரையறுக்கின்றது. வைத்தியசாலையில் வரிசை நீண்டுவிட்டால், கந்தோரில் உரிய உத்தியோகத்தர் பிற்பகலில்தான் வருவாராயின், பயணி காரியத்தைக் கைவிட வேண்டும் அல்லது நகரத்திலே தங்குவதற்கு உறவினர் வீட்டைத் தேடவேண்டும். உறவினர் இல்லாதவருக்கு இரண்டாம் வழியும் அடைபடுகின்றது. கட்டணச் சீட்டில் எழுதப்படாத இச்செலவை எந்தக் கணக்கும் காட்டுவதில்லை.

இவ்வொழுங்கு ஏன் எளிதில் அமைவதில்லை? வீதியும் இறங்குதுறையும் பஸ் வண்டியும் படகும் வெவ்வேறு கைகளில் இருப்பதே முதற் காரணம். பெருவீதிகளை வீதி அபிவிருத்தி அதிகார சபை பேணுகின்றது. பஸ் வண்டிகளுட் சில போக்குவரத்துச் சபைக்கும் சில தனியாருக்கும் உரியன. படகுகளும் அவ்வாறே பல உரிமையாளரின் கீழ் ஓடுகின்றன. உள்ளூர்ப் பணிகள் பிரதேச சபைகளுக்கு உரியன. ஒவ்வொருவரும் தத்தம் கடமையைச் செவ்வனே செய்யினும், இரண்டு கடமைகள் சந்திக்கும் இடத்துக்குப் பொறுப்பானவர் ஒருவரும் இலர். பயணி இடர்ப்படும் இடமோ அச்சந்திப்பே. வளர்ந்துவரும் நாடுகளின் பெருநகரங்கள் பலவற்றிலும் நோய் இதுவே.

காலநிலையும் கருதத்தக்கது. வாடைக்காற்றும் சோளகக்காற்றும் மாறி வீசும் இக்கடலில், கோடையின் நேரசூசி மாரிக்குப் பொருந்தாது. படகின் அளவு, ஏற்றத்தக்க தொகை, உயிர்காப்பு அங்கி, துறையில் விளக்கு, நிழல், முதியோர் வழுக்காது ஏறுவதற்கான படி ஆகியன அலங்காரங்கள் அல்ல, சேவையின் உறுப்புகளாம். கடற்பயணத்தின் பாதுகாப்பு எத்துணைப் பெறுமதியுடையது என்பதை இம்மக்கள் பெருந்துயரின் வாயிலாகவும் அறிந்துள்ளனர். 1985 ஆம் ஆண்டு மே 15 ஆந் திகதி குமுதினிப் படகில் சென்ற பயணிகள் பலர் நடுக்கடலிலே கொல்லப்பட்டமை தீவகத்தார் நெஞ்சினின்றும் அகலாத நிகழ்ச்சி. அதன்பின் நீடித்த போரும் இடப்பெயர்வும் தீவுகளிற் பல வீடுகளைப் பூட்டிய வீடுகளாக்கின. திரும்பி வந்தோர் நிலைப்பதும் மீண்டும் அகல்வதும் போக்குவரத்தைப் பெரிதும் பொறுத்துள்ளன.

எல்லாத் தீவுகளையும் பாலத்தால் இணைத்துவிடல் ஆகாதோ எனச் சிலர் வினவுவர். பாலம் பெரும் பயன் தருவதை மறுப்பார் இல்லை. 2011 ஆம் ஆண்டில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபோது, மிதவையை நம்பியிருந்த பூநகரி வழி நாள் முழுவதும் ஓடும் வழியாயிற்று. ஒடுங்கிய நீரிணைக்குப் பொருந்துவது அகன்ற கடலுக்கும் பொருந்தும் எனக் கொள்ளல் மட்டும் தவறு. கேரளத்திலுள்ள கொச்சி நகரம் இதற்கு நல்ல சான்று. அந்நகரை அடுத்த வைப்பின் தீவு 2004 ஆம் ஆண்டில் கோசிறீப் பாலங்களால் இணைக்கப்பட்டது. எனினும் நீர்வழி கைவிடப்படவில்லை. 2023 ஆம் ஆண்டு ஏப்ரலில் அங்கு நீர் மெட்ரோ என்னும் சேவை தொடங்கிற்று. பத்துத் தீவுகளை நகரத்தோடு இணைக்குமாறு 38 துறைகளும் 78 படகுகளும் அத்திட்டத்தில் வகுக்கப்பட்டுள்ளன. மின்விசையால் இயங்கும் படகுகள், நீர்மட்டத்தோடு உயர்ந்து தாழும் மிதவை மேடைகள், நகரப் புகையிரதத்துக்கும் படகுக்கும் பொதுவான பயண அட்டை என்பன அதன் சிறப்புகள். தீவகத்தின் மக்கட்டொகைக்கு அத்துணைப் பெருந்திட்டம் மிகையாகும். ஆயின் படகையும் தரைவண்டியையும் ஒரே பயணமாகக் கருதும் அதன் கொள்கை, இரண்டு படகும் இரண்டு வண்டியும் உள்ள இடத்துக்கும் பொருந்தும்.

பெருந்தொடர் வண்டிகளுக்குப் பொருளின்றியே நன்மை கண்ட நகரங்களும் உள. பிரேசில் நாட்டின் குரிற்றிபா நகரம் 1974 ஆம் ஆண்டில் பஸ் வண்டிகளுக்கெனத் தனி வழிகளை ஒதுக்கியது. கொலம்பியாவின் தலைநகராகிய பொகோற்றா 2000 ஆம் ஆண்டில் அந்நெறியைப் பெரிய அளவிற் பின்பற்றியது. அந்நாட்டு மெடலின் நகரம், மலைச்சரிவில் வாழும் ஏழை மக்களை நகரோடு இணைக்க 2004 ஆம் ஆண்டில் கம்பிவழித் தொங்கூர்தியை அமைத்தது. மலையிலிருந்து இறங்குவோரின் நேரத்துக்கும் மதிப்புண்டு என அந்நகரம் ஏற்றுக்கொண்டது. யாழ்ப்பாணத்துக்கு மலை இல்லை, கடல் உண்டு. வேறுபாடு அவ்வளவே.

மிகச் சிலர் பயணஞ் செய்யும் வழிக்குப் பொதுப்பணத்தைச் செலவிடல் நீதியோ என்பது எதிர்ப்பக்கத்தார் கூறும் வலிய தடை. இதனைப் புறக்கணித்தல் தகாது. படகுக்கு எரிபொருள் வேண்டும். பயணிகள் சிலராயின் கட்டணம் செலவை ஈடுசெய்யாது. ஆயின் சேவை குன்றினால் ஆசிரியர் தீவில் தங்க அஞ்சுவர். மருத்துவர் மாற்றம் வேண்டுவர். மீனும் பாலும் உரிய வேளையிற் சந்தை சேரா. பிள்ளைகளின் கல்விக்காகக் குடும்பங்கள் நகரத்துக்குப் பெயரும். பயணிகள் பின்னரும் குறைவர். அக்குறைவையே காட்டிச் சேவை மேலும் குறைக்கப்படும். இச்சுழலின் முடிவில் தீவு வெறுமையுறும். நகரத்தில் வீட்டு வாடகையும் வீதி நெருக்கடியும் பெருகும். படகுக்கு மறுத்த பணத்தை நகரம் வேறு வழியிற் செலுத்தியே தீரும்.

ஒழுங்கு அமைத்தல் இயலாததொன்று எனக் கூறவும் இடமில்லை. நயினை நாகபூசணி அம்மன் கோவில் மகோற்சவ காலத்தில், ஆயிரக்கணக்கான அடியார் நாடெங்குமிருந்து குறிகட்டுவானை நோக்கி வருகின்றனர். அந்நாள்களில் விசேட பஸ் வண்டிகள் ஓடுகின்றன. மேலதிகப் படகுகள் சேர்க்கப்படுகின்றன. துறையில் வரிசை அமைக்கப்படுகின்றது. வண்டி படகுக்கும் படகு வண்டிக்கும் காத்து நிற்கின்றன. அதே துறை, அதே வீதி, அதே கடல். திருவிழா முடிந்ததும் கொடி இறங்குவதுபோல அவ்வொழுங்கும் இறங்கிவிடுகின்றது.

ஆண்டுக்கொருமுறை வரும் அடியாருக்குச் செய்வதன் சிறுபகுதியை, நாள்தோறும் கடல் கடக்கும் மாணவனுக்கும் கருவுற்ற தாய்க்கும் செய்தல் அரிதன்று. அதன் முதற்படி, படகும் வண்டியும் ஒன்றையொன்று நோக்கி ஓடும் ஒரே நேரசூசியை வகுத்து, அதனை மாவிலித்துறையிலும் குறிகட்டுவானிலும் ஊர்காவற்றுறையிலும் யாழ்ப்பாணப் பஸ் நிலையத்திலும் யாவரும் காண எழுதி வைத்தலாகும். இரண்டாவது படி, அதற்குப் பொறுப்பாளர் ஒருவரை நியமித்தலாகும். பெருந்திட்டங்கள் வரும்போது வருக. அதுகாறும் ஊர்காவற்றுறைக் கரையில் நிற்பவன், எதிர்க்கரையைக் கண்டுகொண்டு காத்திருக்கும் நேரத்தையேனும் குறைத்தல் நகரத்தின் கடனாகும்.