மடுல்சீமைக் கோப்பித் துருவும் ஒரு விஞ்ஞானியின் மதிப்பெண்ணும்

1869ஆம் ஆண்டு, இலங்கையின் ஊவா மாகாணத்துப் பதுளை மாவட்டம் மடுல்சீமையில் கோப்பி இலைகளின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் படியத் தொடங்கியது. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் த்வெயிட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பூஞ்சையியலாளர் பெர்க்லி அதே ஆண்டு நவம்பரில் அந்தத் தூளை உண்டாக்கிய பூஞ்சைக்கு ‘ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்’ என்று பெயர் சூட்டினார். கோப்பித் துரு எனப்படும் இந்த நோய் தோட்டம் தோட்டமாகப் பரவியது. அதை ஆராய 1880இல் இலங்கைக்கு வந்தவர் ஹரி மார்ஷல் வார்ட். அப்போது அவருக்கு இருபதுகளின் நடுவயது.

வார்ட் இரண்டே ஆண்டுகள்தான் இங்கே இருந்தார். துருவின் வித்துகளைக் காற்று சுமந்து செல்கிறது என்றும், ஈரமான இலையில் அவை முளைத்து இலைத்துளைகள் வழியே உள்ளே நுழைகின்றன என்றும் அவர் நிறுவினார். இடைவெளியே இல்லாமல் மலை முழுக்க ஒரே பயிரை நட்டதுதான் நோய்க்கு வழி திறந்துவிட்டது என்றும் எச்சரித்தார். கோப்பியை அவரால் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் தாவர நோயியல் என்ற துறைக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவராக இன்று அவர் மதிக்கப்படுகிறார்.

அப்படிப்பட்ட ஒருவரின் பங்களிப்பை இன்றைய அளவுகோல்கள் எப்படிக் கணக்கிடும்?

முதல் அளவுகோல் கட்டுரைகளின் எண்ணிக்கை. அடுத்தது மேற்கோள்: ஒருவரின் கட்டுரையைப் பிற ஆய்வாளர்கள் தம் கட்டுரைகளில் எத்தனை முறை சுட்டியிருக்கிறார்கள் என்பது. இதை முறையாகத் திரட்டும் அறிவியல் மேற்கோள் அட்டவணையை அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்ட் 1964இல் வெளியிட்டார். மூன்றாவது எச்-சுட்டி. இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் இதை முன்வைத்தார்.

எச்-சுட்டியைக் கணக்கிடுவது எளிது: ஒருவரின் எத்தனை கட்டுரைகள் தலா அத்தனை மேற்கோள்களாவது பெற்றிருக்கின்றனவோ, அந்த எண்ணே அது. ஒருவரின் ஐந்து கட்டுரைகள் முறையே 40, 25, 12, 5, 3 மேற்கோள்களைப் பெற்றிருக்கின்றன என்று கொள்வோம். அவற்றில் நான்கு கட்டுரைகளுக்குத் தலா நான்கு மேற்கோள்களாவது உண்டு. ஐந்தும் தலா ஐந்தைத் தொடவில்லை. ஆகவே அவருடைய எச்-சுட்டி 4.

துறைகளை ஒன்றோடொன்று ஒப்பிடும்போதுதான் சிக்கல் வருகிறது. மருத்துவத்திலும் உயிரியலிலும் ஆய்வாளர்கள் அதிகம். ஒவ்வொரு கட்டுரையும் பல பத்துக் கட்டுரைகளைச் சுட்டும். கணிதத்தில் சுட்டுவது குறைவு, மேற்கோள் சேரும் வேகமும் குறைவு. மழைக்காலத்துக் கொழுந்து நிறையைக் காட்டி வறட்சிக் காலத்தில் ஒரு தொழிலாளிக்கு அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போடுவது எவ்வளவு அநியாயமோ, மருத்துவ ஆய்வாளரின் எண்ணைக் காட்டிக் கணித அறிஞரைக் குறைத்து மதிப்பிடுவதும் அவ்வளவு அநியாயம். இதைச் சரிசெய்யத்தான் துறைவாரிச் சராசரி வந்தது. ஒரு துறையின் உலகச் சராசரியை 1 என்று வைத்தால், 2 பெற்றவர் அந்தத் துறையின் சராசரியைப்போல் இரு மடங்கு மேற்கோள் பெற்றவர்.

வார்ட் ஒரே துறையில் நின்றுவிடவில்லை. அவரை வேர் முடிச்சுகளும் மரங்களைத் தாக்கும் நோய்களும் ஈர்த்தன. இஞ்சி பியரைப் புளிக்க வைப்பது ஈஸ்ட்டும் பக்டீரியாவும் சேர்ந்து வாழும் கூட்டு என்று 1892இல் காட்டினார். தேம்ஸ் நதி நீரின் பக்டீரியாக்களையும், சூரிய ஒளி அவற்றைக் கொல்லும் விதத்தையும் ஆராய்ந்தார். 1895இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியரானார். இத்தனை துறைகளில் சிதறிக்கிடக்கும் உழைப்பை ஒரே எண்ணுக்குள் அடைத்தால், எந்தத் துறையில் அவர் எதை மாற்றினார் என்பது மறைந்துபோகும்.

மேற்கோள் கணக்கில் வேறு இரண்டு இழப்புகளும் உண்டு. இலங்கை அரசுக்கு வார்ட் எழுதிய அறிக்கைகளைப் போன்றவை ஆய்விதழ்களை மையமாகக் கொண்ட இந்தக் கணக்கில் பெரும்பாலும் சேர்வதில்லை. ஒரு கண்டுபிடிப்பு பாடநூல் அறிவாகிவிட்டால், கண்டவரை யாரும் சுட்டுவதுமில்லை. துரு வித்து காற்றில் பரவும் என்று எழுதும் எல்லோரும் வார்டின் பெயரைக் குறிப்பிடுவதில்லை.

கோப்பி அழிந்த இடத்தில் தேயிலை வந்தது. கோப்பிப் பருவத்துக்கு வந்து திரும்பிய தமிழ்த் தொழிலாளர்கள், ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டியிருந்ததால் லயங்களில் குடும்பமாகத் தங்கினார்கள். மலையகச் சமூகம் உருவான வரலாற்றில் அந்தத் துருவுக்கும் பங்குண்டு. அந்த நோயை ஆராய்ந்த கட்டுரையின் எடையை மேற்கோள் எண்ணிக்கை முழுமையாகச் சொல்லாது.

ஆய்வை மதிப்பிடும்போது எண்களுக்கு முன் உள்ளடக்கத்தைப் பாருங்கள் என்று 2012இல் உருவான சான் பிரான்சிஸ்கோ பிரகடனமும் 2015இன் லைடன் அறிக்கையும் வலியுறுத்துகின்றன. எண்கள் வேண்டாம் என்பதல்ல. ஒருவரின் உழைப்பை அவர் துறைக்குள் வைத்துப் பார்க்க அவை உதவும். ஆனால் பதவி உயர்வையும் நிதியையும் தீர்மானிக்கும் குழுக்கள், அந்த எண்ணுக்குப் பின்னால் உள்ள கட்டுரைகளையும் கட்டாயம் படிக்க வேண்டும். மண்சரிவு, தேயிலை நோய், தோட்டக் குடும்பங்களின் ஊட்டச்சத்து என்று ஊவாவின் சிக்கல்களை ஆராய விரும்பும் மலையக மாணவர்களே, உலகம் குறைவாகச் சுட்டும் என்பதற்காக அந்தத் தலைப்புகளைக் கைவிடாதீர்கள்.